ஒரே ஆண்டில் பிறந்த ஆறு கப்பல்கள்

கப்பலுக்கும் பிறந்தநாள் உண்டு, தெரியுமா?

ஒரு கப்பலைக் கட்டத் தொடங்கும் நாள் ஒன்று இருக்கிறது. வேலை எல்லாம் முடியும் நாளும் ஒன்று இருக்கிறது. ஆனால் கூட்டம் கூடிக் கைதட்டுவது வேறொரு நாளில். கப்பல் முதல் முறையாகத் தண்ணீரில் இறங்கும் நாள் அது. அதைத்தான் இந்தப் பாடத்தில் கப்பலின் பிறந்தநாள் என்று சொல்லப் போகிறோம்.

1906ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் நிறையக் கப்பல்கள் பிறந்தன. அவற்றில் ஆறு கப்பல்களை மட்டும் இங்கே பார்ப்போம்.

பிப்ரவரி 10 – ட்ரெட்நாட், இங்கிலாந்து, போர்க்கப்பல்
ஜூன் 7 – லூசிடானியா, ஸ்காட்லாந்து, பயணிகள் கப்பல்
ஆகஸ்ட் 4 – யூ-1, ஜெர்மனி, நீர்மூழ்கிக் கப்பல்
செப்டம்பர் 20 – மொரிடானியா, இங்கிலாந்து, பயணிகள் கப்பல்
நவம்பர் 15 – சத்சுமா, ஜப்பான், போர்க்கப்பல்
டிசம்பர் 17 – ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன், ஜெர்மனி, போர்க்கப்பல்

பாடத்தைப் படிக்கும் முன் ஒரு வேலை. இந்த ஆறில் எந்தக் கப்பல் கடலை அதிகம் மாற்றியிருக்கும்? ஊகித்து, நோட்டுப் புத்தகத்தில் ஒரு பெயரை எழுதி வையுங்க. கடைசியில் சரிபார்க்கலாம்.

1. கப்பலை எப்படி இறக்குவார்கள்?

(இந்தப் பகுதி பேச்சுத் தமிழில் இருக்கிறது. இரண்டு பேராகச் சேர்ந்து வாய்விட்டுப் படியுங்கள்.)

மகள்: அப்பா, அவ்வளவு பெரிய கப்பலை யாரு தூக்கித் தண்ணில போடுவாங்க?

அப்பா: யாரும் தூக்க மாட்டாங்கம்மா. அதுவே சறுக்கிக்கிட்டுப் போகும். பார்க்ல சறுக்குமரம் இருக்கில்ல, அது மாதிரிதான். ஆத்தங்கரையில சரிவா ஒரு தளம் போட்டு, அது மேலயே கப்பலைக் கட்டுவாங்க.

மகள்: அப்போ கட்டிக்கிட்டு இருக்கும்போதே வழுக்கிடாதா?

அப்பா: நல்ல கேள்வி! வழுக்காம இருக்கத்தான் கீழயும் பக்கத்துலயும் நிறைய முட்டுக்கட்டை குடுத்திருப்பாங்க. இறக்குற அன்னிக்கு, சறுக்குற பாதையில கொழுப்பும் சோப்பும் நல்லாத் தடவுவாங்க. தண்ணி ஏறி வர்ற நேரமாப் பார்த்து முட்டுக்கட்டையை எடுப்பாங்க. கப்பல் பின்பக்கமா ஆத்துக்குள்ள இறங்கும்.

மகள்: நேராப் போய் எதிர்க்கரையில மோதிடுச்சுன்னா?

அப்பா: மோதாம இருக்கக் கனமான சங்கிலிகளைக் கப்பலோட கட்டி விடுவாங்க. அது தரையில இழுபட்டுக்கிட்டே வந்து வேகத்தைக் குறைக்கும். லூசிடானியாவைக் கட்டின கிளைட் ஆறு ரொம்ப அகலம் இல்ல. ஆனா எதிர்க்கரையில கார்ட்னு இன்னொரு ஆறு வந்து சேருது. அந்த ஆத்து வாயைப் பார்த்துச் சாய்வா இறக்குவாங்க. அப்போ கூடுதலா இடம் கிடைக்கும்.

மகள்: இறங்கின உடனே ஊரைச் சுத்தக் கிளம்பிடுமா?

அப்பா: இல்லம்மா. வெளியில பார்த்தா முடிஞ்ச மாதிரி இருக்கும். உள்ள நிறைய வேலை பாக்கி இருக்கும். நான் ஆபீஸ்ல எழுதுற செயலியோட முதல் வெர்ஷன் மாதிரின்னு வச்சுக்கோ. லூசிடானியா இறங்கினது 1906 ஜூன்ல. பயணிகளை ஏத்திக்கிட்டுக் கிளம்பினது 1907 செப்டம்பர்ல!

2. எல்லாக் கப்பலையும் பழசாக்கிய கப்பல்

1906 பிப்ரவரி 10. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகம். ஏழாம் எட்வர்ட் மன்னரே கப்பலை இறக்க வந்திருந்தார். கப்பலின் அணியத்தில் ஒரு ஒயின் பாட்டிலை மோதி உடைப்பது அங்கே வழக்கம். முதல் தடவை பாட்டில் உடையவில்லை! மறுபடியும் மோதினார்கள், உடைந்தது. ட்ரெட்நாட் தண்ணீரில் இறங்கியது. 'எதற்கும் அஞ்சாதது' என்பது அந்தப் பெயரின் பொருள்.

அதன் நீளம் சுமார் 160 மீட்டர். ஒன்றரைக் கால்பந்து மைதானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பு வந்த போர்க்கப்பல்களில் பெரும்பாலும் நான்கு பெரிய பீரங்கிகள்தான் இருக்கும். இதில் பத்து! மணிக்கு ஏறக்குறைய 39 கிலோமீட்டர் வேகத்தில் போனது. மற்ற போர்க்கப்பல்கள் இதைத் துரத்திப் பிடிக்க முடியாது.

இனி ஒரு சிக்கலைக் கவனியுங்கள். ட்ரெட்நாட் வந்ததும் உலகத்தில் இருந்த மற்ற போர்க்கப்பல்கள் எல்லாம் பழையவை ஆகிவிட்டன. அப்படியானால் யாருக்கு அதிக நஷ்டம்? அதிகக் கப்பல் வைத்திருந்த பிரிட்டனுக்குத்தான்! அதன் பழைய கப்பல்களும் சேர்ந்துதானே பழசாயின? 'இனி எல்லாரும் முதலிலிருந்து தொடங்கலாம்' என்று மற்ற நாடுகளுக்குத் தோன்றியது. 1908இல் ஜெர்மனியும் அதே வகைக் கப்பல் ஒன்றை இறக்கியது. பிறகு இரண்டு நாடுகளும் போட்டி போட்டுக்கொண்டு கட்டின.

3. சுழலும் நீராவி

ட்ரெட்நாட் எப்படி அவ்வளவு வேகமாகப் போனது? டர்பைன் என்ற இயந்திரம்தான் காரணம்.

பழைய நீராவி இயந்திரத்தில் நீராவி ஒரு தண்டை மேலும் கீழும் தள்ளும். அந்த அசைவைச் சுழற்சியாக மாற்ற வேண்டும். கப்பல் ரொம்ப அதிரும். டர்பைனில் அப்படி இல்லை. காற்றாடியை வாயால் ஊதினால் சுற்றுமே, அதுபோல நீராவி நிறையத் தகடுகள் மேல் பாய்ந்து, தண்டை நேராகச் சுழற்றும்.

இதைக் கப்பலுக்குக் கொண்டு வந்தவர் சார்ல்ஸ் பார்சன்ஸ். 1897இல் விக்டோரியா ராணியின் வைரவிழாவுக்காகப் போர்க்கப்பல்கள் கடலில் அணிவகுத்து நின்றன. பார்சன்ஸின் 'டர்பினியா' என்ற சின்னப் படகு அவற்றுக்கு நடுவே சீறிப் பாய்ந்து போனது. காவல் படகுகளால் அதைப் பிடிக்க முடியவில்லை. எல்லாரும் பார்த்துவிட்டார்கள், இனி விளக்கம் எதற்கு? ஒன்பது ஆண்டுகளில் அதே வகை இயந்திரம் பெரிய கப்பல்களுக்கும் வந்துவிட்டது.

4. இரண்டு சகோதரிகள்

லூசிடானியாவும் மொரிடானியாவும் ஒரே கம்பெனிக்காகக் கட்டப்பட்ட சகோதரிக் கப்பல்கள். லூசிடானியா ஸ்காட்லாந்தில் பிறந்தது, மொரிடானியா இங்கிலாந்தின் டைன் ஆற்றில் பிறந்தது. ஒவ்வொன்றும் சுமார் 240 மீட்டர் நீளம். ட்ரெட்நாட்டை விட நீளம்! ஒவ்வொன்றிலும் 2,000 பயணிகளுக்கு மேல் போகலாம். இரண்டிலும் டர்பைன்கள்.

அந்தக் காலத்தில் அட்லாண்டிக் கடலை வேகமாகக் கடந்தவை ஜெர்மன் கப்பல்கள். அவற்றை முந்த வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு அந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுத்தது. போர் வந்தால் கப்பல்களை அரசுக்குத் தர வேண்டும் என்பது நிபந்தனை.

கடனுக்குப் பலன் கிடைத்தது. 1907இல் லூசிடானியா வேகச் சாதனை படைத்தது. பிறகு மொரிடானியா அக்காவையே முந்தியது. 1909இல் அது படைத்த சாதனையை 1929 வரை எந்தக் கப்பலாலும் முறியடிக்க முடியவில்லை. இருபது ஆண்டுகள்!

5. சின்னக் கப்பல்

இந்த இரண்டு சகோதரிகளின் பிறந்தநாளுக்கு நடுவே, ஆகஸ்ட் 4 அன்று, ஜெர்மனியின் கீல் நகரில் இன்னொரு கப்பல் இறங்கியது. பெயர்கூடச் சரியாக வைக்கவில்லை. ஓர் எழுத்து, ஓர் எண்: யூ-1. ஜெர்மன் கடற்படையின் முதல் நீர்மூழ்கிக் கப்பல் அது.

நீளம் 42 மீட்டர்தான். கால்பந்து மைதானத்தில் பாதிகூட இல்லை. டார்பிடோ விடுவதற்கு ஒரே ஒரு குழல். தண்ணீருக்கு மேலே போகும்போது மண்ணெண்ணெய் இயந்திரம். உள்ளே போனால் மின்கலத்தில் ஓடும். வேறு சில நாடுகளிடம் அதற்கு முன்பே நீர்மூழ்கிகள் இருந்தன. அதனால் யூ-1 பெரிய அதிசயமாகத் தெரியவில்லை. அது போருக்குப் போகவும் இல்லை, மாலுமிகள் பழகுவதற்குத்தான் பயன்பட்டது. ஆனால் அதில் பழகியதை வைத்து ஜெர்மனி மேலும் மேலும் நல்ல நீர்மூழ்கிகளைக் கட்டியது.

6. பிறக்கும்போதே பழசு

ஜப்பானின் சத்சுமா, ஜப்பானிலேயே கட்டப்பட்ட முதல் பெரிய போர்க்கப்பல். இதைக் கட்டத் தொடங்கியது ட்ரெட்நாட்டுக்கும் முன்னால்! பன்னிரண்டு பெரிய பீரங்கிகள் வைக்கத் திட்டம் போட்டார்கள். ஆனால் அப்போது ரஷ்யாவோடு போர் நடந்தது. பணம் போதவில்லை, பீரங்கிகளும் போதவில்லை. நான்கு மட்டும் பெரியதாக வைத்து, மற்றவற்றைச் சிறியதாக வைத்தார்கள். வேலை முடிய 1910 ஆகிவிட்டது. ட்ரெட்நாட் 1906 டிசம்பரிலேயே தயார்.

அதே டிசம்பரில் ஜெர்மனி ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனை இறக்கியது. யூ-1 பிறந்த அதே கீல் நகரில், அதே கப்பல் கட்டும் தளத்தில்தான்! நான்கே பெரிய பீரங்கிகள், பழைய வகை இயந்திரம். பிறந்த அன்றே அது பழைய கப்பல்.

7. பிறகு என்ன ஆயிற்று?

1914இல் முதல் உலகப் போர் தொடங்கியது. இந்தப் பகுதி கொஞ்சம் சோகமானது. ஆனால் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1915 மார்ச் 18 அன்று, ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ட்ரெட்நாட் யூ-29 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியின் மேல் மோதி அதை மூழ்கடித்தது. நீர்மூழ்கியில் இருந்த அனைவரும் இறந்தார்கள். பத்துப் பெரிய பீரங்கி வைத்திருந்த ட்ரெட்நாட், போர் முழுவதிலும் ஒரு போர்க்கப்பலைக்கூட மூழ்கடிக்கவில்லை. அது மூழ்கடித்தது இந்த ஒரு நீர்மூழ்கியை மட்டும்தான். அதையும் பீரங்கியால் இல்லை, அணியத்தால்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1915 மே 7 அன்று, நியூயார்க்கிலிருந்து வந்துகொண்டிருந்த லூசிடானியாவை அயர்லாந்துக்கு அருகே யூ-20 என்ற நீர்மூழ்கி டார்பிடோவால் தாக்கியது. கப்பலில் பயணிகளோடு துப்பாக்கித் தோட்டாக்களும் சரக்காக இருந்தன. ஒரே ஒரு டார்பிடோ. 18 நிமிடத்தில் கப்பல் மூழ்கியது. 1,190க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் உங்கள் வயதுக் குழந்தைகளும் இருந்தார்கள்.

மொரிடானியா போரில் தப்பியது. படைவீரர்களை ஏற்றிச் சென்றது, மருத்துவக் கப்பலாகவும் வேலை செய்தது. பிறகு பல ஆண்டுகள் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது. 1935இல்தான் அதை உடைத்தார்கள். ட்ரெட்நாட்டைப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். சத்சுமாவை 1924இல் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கு வைத்து மூழ்கடித்தார்கள்.

'பிறக்கும்போதே பழசு' என்ற ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன்? 1939 செப்டம்பர் 1 அதிகாலை, டான்சிக் நகருக்கு அருகே இருந்த போலந்துப் படைமுகாமை அது பீரங்கியால் சுட்டது. இரண்டாம் உலகப் போரின் முதல் குண்டுகளில் அவையும் அடங்கும்.

ஆறு கப்பல்களில் இன்றும் பார்க்கக் கிடைப்பது ஒன்றே ஒன்று. ஜெர்மனியின் மியூனிக் நகர அருங்காட்சியகத்தில் அதை வைத்திருக்கிறார்கள். உள்ளே எப்படி இருக்கும் என்று தெரிவதற்காகப் பக்கச் சுவரில் சில இடங்களைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அது எது தெரியுமா? யூ-1!

இப்போது நீங்கள் எழுதி வைத்த பெயரைப் பாருங்கள். மாற்றுவீர்களா, அப்படியே விடுவீர்களா? காரணம் சொல்லி எதை எழுதினாலும் சரிதான். ஒரு கப்பல் இறங்கும் நாளில் அதன் நீளத்தை அளக்கலாம், பீரங்கியை எண்ணலாம். அது என்ன செய்யப் போகிறது என்பதை மட்டும் அன்றைக்கு யாராலும் அளக்க முடியாது. அது கப்பலை நடத்தப்போகும் மனிதர்கள் கையில் இருக்கிறது.

சொல் அறிவோம்

அணியம் – கப்பலின் முன்பக்கம். கடற்கரை ஊர்களில் மீனவர்கள் இன்றும் சொல்லும் சொல்.
முட்டுக்கட்டை – நகராமல் தடுக்கும் கட்டை. ஒரு வேலையைத் தடுப்பவரையும் 'முட்டுக்கட்டை போடுகிறார்' என்று சொல்வோம்.
வெள்ளோட்டம் – உண்மையான வேலைக்கு முன் ஓட்டிப் பார்ப்பது.
நிபந்தனை – 'இப்படிச் செய்தால்தான் தருவேன்' என்று சொல்வது.
கப்பல் – மலாய் மொழியிலும் ஏறக்குறைய இதே சொல்தான். அது தமிழிலிருந்து போன சொல் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

பேச்சிலிருந்து எழுத்துக்கு மாற்றுங்கள்

1. யாரும் தூக்க மாட்டாங்க.
2. கப்பல் பின்பக்கமா ஆத்துக்குள்ள இறங்கும்.
3. உள்ள நிறைய வேலை பாக்கி இருக்கும்.

பேசுவோம், எழுதுவோம்

1. ட்ரெட்நாட் வந்ததால் பிரிட்டனுக்கு என்ன நன்மை? என்ன நஷ்டம்? வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து பேசுங்கள்.
2. டர்பைன் எப்படிச் சுற்றுகிறது என்று உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ பேச்சுத் தமிழில் விளக்குங்கள். காகிதக் காற்றாடி ஒன்று செய்து காட்டலாம்.
3. நீங்கள் வாழும் நாட்டில் உள்ள ஒரு துறைமுகத்தைப் பற்றி வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எட்டு வரி எழுதுங்கள்.