எந்த ஃபினிசியோன் எடுக்கிறது? அல்பின் ஏ290ஐ வைத்து ஒரு பாடம்



ஸ்போர்ட்ஸ் கார் பற்றிக் கதைச்ச எபிசோட்டுக்குப் பிறகு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது: "அண்ணா, எந்தக் கார் எண்டு முடிவெடுத்திட்டன். எந்த ஃபினிசியோன் எடுக்கிறது?" விற்கிறவரைக் கேட்டால் ஆக மேலே இருக்கிறதைத்தான் காட்டுவார். அது அவருடைய வேலை. நாங்கள் எங்கட கணக்கைப் போடுவம். சார்செலில் அடுக்குமாடியில் இருக்கிற, பெர்மி எடுத்து ஒரு வருசம் கூட ஆகாத 21 வயதுப் பிள்ளை ஒருவரை நினைச்சுக்கொண்டு எழுதுறன்.

உதாரணத்துக்கு அல்பின் ஏ290. ரெனோ 5இன் அடித்தளத்தில், பிரான்சின் வடக்கே துவே நகரத் தொழிற்சாலையில் செய்கிற மின்சாரக் கார். 2024 ஜூனில் லு மானில் அறிமுகப்படுத்தினார்கள். நாலு வகை: ஜி.டி, ஜி.டி பிரீமியம், ஜி.டி பெர்ஃபோமன்ஸ், ஜி.டி.எஸ்.

1. ஒரு ஏணி இல்லை, இரண்டு ஏணி

நாலு பெயரையும் வரிசையாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் முந்தினதை விட நல்லது போலத் தெரியும். அப்படி இல்லை. முதல் இரண்டும் 180 குதிரை வலு, மற்ற இரண்டும் 220. பிரீமியம் எண்டால் அதே 180 மோட்டாரும் கூடுதல் சொகுசும். பெர்ஃபோமன்ஸ் எண்டால் பெரிய மோட்டார், சொகுசு குறைவு. ஜி.டி.எஸ்ஸில் இரண்டும் இருக்கு. ஆக, ஒரு ஏணி மோட்டாருக்கு, மற்றது இருக்கைக்கும் திரைக்கும். எந்தக் காரைப் பார்த்தாலும் முதலில் இந்த இரண்டையும் பிரிச்சுப் போடுங்கோ.

மோட்டார் வித்தியாசம் என்ன தருது? 0 இலிருந்து 100க்கு 180 வகை 7.4 செக்கனில் போகும், 220 வகை 6.4 செக்கனில் போகும். ஒரு செக்கன். ஆனால் பரிஸ் பெரிஃபெரிக்கில் 2024 ஒக்டோபரில் இருந்து 50தான். புதுப் பெர்மிக்காரருக்கு ஓட்டோரூட்டிலும் 130 இல்லை, 110. அந்த ஒரு செக்கனை நீங்கள் எங்கே செலவழிக்கப் போறீங்கள் எண்டு யோசியுங்கோ. சர்க்குய்க்குப் போற ஆள் எண்டால் பதில் வேற.

2. சட்டம் ஏற்கெனவே தந்ததுக்குக் காசு கொடுக்காதேங்கோ

2024 ஜூலை 7இல் இருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகிற எல்லாப் புதுக் கார்களிலும் தானாகப் பிரேக் பிடிக்கிற அமைப்பு, வேக எல்லையை அறிவிக்கிற அமைப்பு, ஓட்டுநர் களைச்சுப்போனால் எச்சரிக்கிற அமைப்பு எல்லாம் கட்டாயம். "இந்த வகையில் பாதுகாப்பு இருக்கு" எண்டு சொன்னால், மற்ற வகையில் இல்லாதது எது எண்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கோ. பட்டியல் சட்டெண்டு சின்னதாகும்.

3. பிறகு மாத்த ஏலாததை முதலில் பாருங்கோ

இருக்கை உறையைப் பிறகும் மாத்தலாம். ஸ்பீக்கரும் மாத்தலாம். பற்றரியை மாத்த ஏலாது. ஏ290இல் நாலு வகைக்கும் அதே 52 கிலோவாட் மணிப் பற்றரிதான். காகிதத்தில் 180 வகை 380 கி.மீ. வரை போகும், 220 வகை 364 வரை. குளிர்காலத்தில் லீல் பக்கம் போகேக்க 100 கி.மீ.க்கு 25 கிலோவாட் மணி குடிக்குது எண்டு வையுங்கோ. 52ஐ 25ஆல் பிரிச்சால் 208 கி.மீ. எந்த ஒப்சியோனும் இந்தக் கணக்கை மாத்தாது.

வேகச் சார்ஜில் 15 சதவீதத்திலிருந்து 80க்கு 30 நிமிசம் எண்டு சொல்றார்கள். ஆனால் ஒவ்வொரு இரவும் எங்கே சார்ஜ் பண்ணப் போறீங்கள்? கட்டடத்துக்குள் உங்களுக்குப் பார்க்கிங் இருந்தால், வாடகைக்கு இருந்தாலும் உங்கட செலவில் சார்ஜ் பெட்டி பூட்டக் கேட்கிற உரிமை பிரெஞ்சுச் சட்டத்தில் இருக்கு. காரைத் தெருவில்தான் விடுறீங்கள் எண்டால் இல்லை. சொகுசு வகைக்குக் கட்டுற கூடுதல் காசு, கன பேருக்கு அந்தப் பெட்டிக்குத்தான் போகவேணும்.

4. அசுரான்ஸ்: ஆக விலையான ஒப்சியோன்

இது பட்டியலில் இருக்காது. காரின் வலு, விலை எல்லாம் பார்த்துத்தான் கட்டணம் போடுறார்கள். அதனால் வகை மாறினால் கட்டணமும் மாறலாம். அதுக்கு மேலே, புது ஓட்டுநருக்கு முதல் வருசம் 100 சதவீதம் வரை கூட்டிக் கேட்கலாம். 15 வயதிலிருந்து பெற்றோரோடு ஓடிப் பழகினவருக்கு அந்த எல்லை 50 சதவீதம். மோட்டாருக்குக் கொடுக்கிறதை ஒருதரம் கொடுப்பீங்கள், இதை வருசா வருசம் கொடுப்பீங்கள்.

இங்கேதான் வீட்டில் அந்தக் கதை வரும்: "அப்பாவின்ர பெயரில் போடுவம், அவருக்கு போனுஸ் 50 இருக்கு." அப்பா ரெண்டாவது ஓட்டுநராகக் கூட அந்தக் காரைத் தொடமாட்டார், முழுக்க ஓடுறது நீங்கள். இது தெரிஞ்சே பொய் சொல்றது. காப்புறுதிச் சட்டக் கோவையின் எல்113-8 பிரிவுப்படி ஒப்பந்தமே செல்லாமல் போகும். விபத்து நடந்தால் அடிபட்டவருக்குக் காசு போகும், ஆனால் அதைத் திருப்பிக் கேட்கிற உரிமை நிறுவனத்துக்கு இருக்கு. யாரையாவது படுக்கையில் விழுத்தினால் அந்தத் தொகை காரின் விலையில் நிக்காது. லாசப்பலில் 20 வருசம் நிண்டு உழைச்ச அப்பாவின்ர சேமிப்பை 220 குதிரைக்காக வைக்கிறதா?

கார்ட் கிரிஸ் அப்பாவின் பெயரில் இருக்கலாம். ஆனால் முக்கிய ஓட்டுநர் நீங்கள் எண்டு நேராகச் சொல்லுங்கோ. கட்டணம் கூடும், பரவாயில்லை. தவறு இல்லாமல் ஓடினால் வருசம் 5 சதவீதம் குறைஞ்சு உங்கட சொந்த போனுஸ் வளரும். அப்பாவின் பெயரில் ஒளிச்சு ஓடினால் உங்களுக்கு எண்டு ஒண்டும் சேராது.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது

கையெழுத்து வைக்க முதல் ஒரே காரின் இரண்டு வகைக்கு, உங்கட பெயரில், அசுரான்ஸ் தெவி எடுங்கோ. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை 3ஆல் பெருக்கி, வகைகளின் விலை வித்தியாசத்தோடு கூட்டுங்கோ. மேல் வகை மூன்று வருசத்துக்கு உங்களிடம் உண்மையில் கேட்கிற விலை அதுதான்.

என்னைக் கேட்டால், நான் நினைச்ச அந்தப் பிள்ளைக்கு வெறும் ஜி.டி. அதே பற்றரி, 180 குதிரை, மிச்சக் காசு கையில். உங்கட கணக்கு வேற மாதிரி வந்தால் அனுப்புங்கோ, அடுத்த எபிசோட்டில் சேர்ந்து பார்ப்பம்.