அடைமழைக்கு முன் அடீனியம்

புரட்டாசி முடியப்போகிறது. மொட்டை மாடியில் அடீனியம் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே அதற்கு ஓர் இடம் பார்த்துவிடுங்கள். மழை படாத சன்ஷேடு, ஷீட் போட்ட ஓரம், எதுவானாலும் சரி. வெயில் மட்டும் விழ வேண்டும். கத்திரி வெயிலில் பத்து நாள் தண்ணீர் காணாமல் கிடந்தாலும் பிழைத்துக்கொள்கிற செடி, ஐப்பசியில் நான்கு நாள் அடைமழைக்குத் தாங்காது.

சஹாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட நிலங்களும் அரேபியாவும் இதன் தாயகம். கிடைத்த நீரைக் குண்டான அடித்தண்டில் சேமித்து வாழப் பழகியது. நம் மாநிலத்திலோ ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பரில் கொட்டித் தீர்க்கிறது.

முதல் வேலை, தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை எடுத்துவிடுவது. தீபாவளிக்கு ஊருக்குப் போன ஒரு வாரத்தில், எடுக்க மறந்த ஒரு தட்டால் ஏழு வருடச் செடியை நான் இழந்திருக்கிறேன். தொட்டியை இரண்டு செங்கல்மேல் ஏற்றி, அடித்துளை அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள். சமீபத்தில் நர்சரியில் வாங்கிய செடியானால் மண்ணைக் கிளறிப் பாருங்கள். வெறும் கோகோபீட்டில் நின்றால் உடனே மாற்றுங்கள். அது வாரக்கணக்கில் ஈரத்தை விடாது. கொரகொரப்பான மணல், உடைத்த செங்கல் துண்டு, கொஞ்சம் மக்கிய உரம் போதும். மாற்றிய பின் ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம்.

மண் மாற்றாத மற்ற அடீனியங்களுக்கும் இனி விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உள்ளே நன்றாகக் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். உரத்தை நிறுத்துங்கள். மார்கழிக் குளிரில் இலை பழுத்து உதிரும், அது ஓய்வு. பதறிப்போய்த் தண்ணீரும் உரமும் கொடுப்பவர்கள்தான் செடியைக் கொல்கிறார்கள்.

வாரம் ஒருமுறை அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். மண் காய்ந்து, தண்டு சுற்றிலும் ஒரே சீராகத் தளர்ந்திருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்து, ஒரு பக்கம் மட்டும் பழுத்த சப்போட்டா போல அமுங்கினால் அழுகல். காத்திருக்காதீர்கள். பிடுங்கிக் கழுவி, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்த கத்தியால் வெள்ளைச் சதை வரும்வரை சீவுங்கள். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க வேண்டும். வெட்டுவாயில் பூஞ்சாணக்கொல்லித் தூள் தடவி, பத்து நாள் நிழலில் உலர்த்தி, காய்ந்த மணல் கலவையில் நடுங்கள். எல்லாமே பிழைக்காது, பாதிக்குமேல் சதை போனதைத் தூக்கி எறிவதே நல்லது.

அடீனியம் அரளிக் குடும்பம். அரளியைத் தின்னும் பருத்த பச்சைப் புழு இதற்கும் வரும். ஒரே இரவில் கிளையை மொட்டையடித்துவிடும். மருந்தெல்லாம் எதற்கு, மாலையில் டார்ச் அடித்துத் தேடி எடுத்துப் போடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்: செடியின் பால் நஞ்சு, ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவியிருக்கிறார்கள். குழந்தைகளும் நாயும் நெருங்காத இடத்தில் வையுங்கள்.

கவாத்து இப்போது கூடாது. ஈரக்காற்றில் வெட்டுவாய் ஆறாது, அழுகல் அந்த வழியாகத்தான் இறங்கும். மாசி பிறக்கட்டும், வெட்டலாம். அதுவரை கத்தரிக்கோல் அலமாரியிலேயே இருக்கட்டும்.