பெயின்ட்டைப் பார்க்காதே, அடியைப் பார்!
(பழைய அமெரிக்கக் கார் வாங்குவோருக்கு முதல் பாடம்)



பழைய கார் வைத்திருப்பது அமெரிக்காவில் கோடீஸ்வரர்களின் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. மாதச் சம்பளக்காரர்களும் மெக்கானிக்குகளும்கூட ஒரு வண்டியை ஷெட்டில் வைத்து, ஞாயிற்றுக்கிழமை எடுத்து ஓட்டுகிறார்கள். இதில் புதிதாக இறங்குகிறவருக்கு முதலில் தோன்றுவது, "குறைஞ்ச விலையில ஒரு உடைசலை வாங்கி, நாமே சரி பண்ணிட்டா என்ன?" என்பதுதான். அனுபவசாலிகள் வேண்டாம் என்கிறார்கள். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும், நன்றாகப் பராமரித்த, அதிகம் கைபடாத வண்டியை வாங்கு என்கிறார்கள். காரணம் என்ன? 1965, 1966-ஆம் வருட ஃபோர்டு மஸ்டாங் காரை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

ஏன் மஸ்டாங்?

17-4-1964 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் இந்தக் கார் அறிமுகமானது. ஆரம்ப விலை 2,368 டாலர். இரண்டே வருடத்திற்குள் 10 லட்சம் வண்டிகள் தயாராகிவிட்டன. இவ்வளவு வண்டிகள் ஓடியதால், ரப்பர் பீடிங்கில் தொடங்கி முழு பாடி வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

200 கன அங்குலம், அதாவது சுமார் 3.3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், காண்டாக்ட் பாயின்ட் எல்லாம் நாம் படித்ததுதான். கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்பேனர் செட், ஃபீலர் கேஜ், டைமிங் லைட் இருந்தால் பாதி வேலை முடிந்தது. வி-8 எஞ்சின்மேல் எல்லோருக்கும் ஆசை, அதனால் விலையும் அதிகம். முதல் வண்டிக்கு ஆறு சிலிண்டர் ஹார்ட்டாப் தாராளமாகப் போதும்.

எதிரி யார்? துரு!

இந்தக் காருக்குத் தனி சேஸிஸ் இல்லை. பாடியே சேஸிஸ். ஆகவே துரு என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல, வண்டியின் பலம் சம்பந்தப்பட்டது. எஞ்சின் தேய்ந்தால் இறக்கி ரீபோர் செய்யலாம். செலவு இவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். அடித்தகடு அரித்துப்போனால் கணக்கே போட முடியாது. ஒரு தகட்டை வெட்டினால் பக்கத்துத் தகடும் உதிரும். மலிவாக வாங்கியவர் பாதியில் கைவிடுவது இங்கேதான். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய வண்டிகள் சீக்கிரம் அரிக்கும். அரிசோனா போன்ற வறண்ட மாநிலத்து வண்டிக்கு மதிப்பு கூடுவது இதனால்தான்.

பணம் கொடுக்குமுன் ஐந்து சோதனை

1. காந்தம்: மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ்ப்பகுதியிலும் பின்சக்கரத்தைச் சுற்றியும் வைத்துப் பாருங்கள். பிடிக்கவில்லையா? பளபள பெயின்ட்டுக்குக் கீழே இருப்பது இரும்பு இல்லை, புட்டி!

2. தண்ணீர்: முன்கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் சல்லடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே கால் வைக்கும் இடம் நனைந்தால் அந்தப் பெட்டி அரித்துவிட்டது என்று அர்த்தம். ஸ்பாட் வெல்டைப் பிரித்துச் செய்யும் பெரிய வேலை அது.

3. டார்ச்: அடியில் படுத்துத் தரைத்தகடு, சைடு மெம்பர், ஸ்பிரிங் மாட்டும் இடம் பாருங்கள். டிக்கியையும் விடாதீர்கள். இந்த மாடலில் பெட்ரோல் டேங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை.

4. நம்பர்: வண்டி எண் '5 எஃப் 07 டி' என்று தொடங்கினால் 1965 மாடல், டியர்பார்ன் தொழிற்சாலை, ஹார்ட்டாப், ஆறு சிலிண்டர் என்று பொருள். உள்ளே வி-8 உட்கார்ந்திருந்தால் அது பிறகு மாற்றியது. உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

5. மைல் மீட்டர்: மைலுக்கு ஐந்து இலக்கம்தான். 40,000 என்று காட்டுவது 1,40,000 ஆகவும் இருக்கலாம். பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்திருக்கிறதா பாருங்கள், அது பொய் சொல்லாது.

உயிர் முக்கியம்

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான் ஸ்டாண்டர்டு. மாஸ்டர் சிலிண்டரில் ஒரே சர்க்யூட். ஒரு பைப் ஒழுகினால் நான்கு பிரேக்கும் போச்சு! 1967 மாடலில்தான் இரட்டைச் சர்க்யூட் வந்தது. பழைய வண்டி வாங்குகிற பலர் முதலில் இதைத்தான் மாற்றுகிறார்கள். தோள் பெல்ட்டும் கிடையாது, இடுப்பு பெல்ட் மட்டும்தான். பழைய ரப்பர் ஹோஸ்களும் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்காது. அதற்கு ஏற்ற ஹோஸ் போட வேண்டும்.

பிரேக்கை மாற்றுங்கள், ஆனால் கழற்றிய பழைய பாகத்தைப் பத்திரமாக வையுங்கள். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட்டை ஒருமுறை சுரண்டிவிட்டால் திரும்பக் கிடைக்காது. 1935-இல் தொடங்கிய அமெரிக்கப் பழங்கார் சங்கம், புதுப்பிக்காமல் அசல் நிலையில் காத்த வண்டிகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்து மரியாதை செய்கிறது.

நண்பர்களே, காந்தம், ஒரு குடம் தண்ணீர், டார்ச் லைட். மூன்றுக்கும் பெரிய செலவில்லை. ஆனால் ஒருவருடைய பல வருடச் சேமிப்பை இவை காப்பாற்றும். நாளை எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும், பானெட்டைத் திறக்குமுன் ஒருதரம் அடியில் படுத்துப் பாருங்கள். சட்டை அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம்!