மூன்று தேவைக்கும் ஒரே பைக் போதுமா?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். தினமும் ராயக்கோட்டை சாலையில் பைக்கில்தான் போய்வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மண் பாதையில் ஓட்டப் பிடிக்கும். ஆண்டுக்கு ஓரிரு முறை நண்பர்களோடு தொலைதூரம் போகவும் ஆசை. கடன் வாங்கித்தான் வண்டி எடுக்கப் போகிறேன். மூன்றுக்கும் சேர்த்து ஒன்றை வாங்கி, அது எதற்குமே உதவாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. என் உயரம் 5 அடி 4 அங்குலம்.
– கே.ர., உத்தனப்பள்ளி

பதில்: கவலை வேண்டாம், தம்பி. உங்கள் மூன்று தேவைகளையும் ஒரே வண்டி தாங்கும். கடன் வாங்கி எடுக்கும் வண்டி என்பதால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

மூன்று தேவைகளும் முட்டிக்கொள்ளும் இடம் எடை. ஓசூர் நெரிசலுக்கு இலகுவான வண்டி வேண்டும். மண் பாதைக்கு கிரவுண்ட் கிளியரன்ஸும் (தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி) பெரிய முன்சக்கரமும் வேண்டும். நெடுஞ்சாலைக்கு எஞ்சினில் வலு வேண்டும். வலு கூடினால் பெரும்பாலும் எடையும் கூடும்.

சந்தையில் உள்ள மூன்றை ஒப்பிடுங்கள். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி: கெர்ப் எடை (பெட்ரோல், ஆயிலோடு சேர்த்த எடை) ஏறத்தாழ 159 கிலோ, கிளியரன்ஸ் 220 மி.மீ., முன்சக்கரம் 21 அங்குலம். மண்ணில் கெட்டிக்காரன். ஆனால் சுமார் 19 குதிரைத்திறன்தான் என்பதால், கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் லாரிகளை முந்தும்போது திணறும். சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ்: 167 கிலோ, சுமார் 26 குதிரைத்திறன், டியூப்லெஸ் டயர் (உள்ளே டியூப் இல்லாதது, பஞ்சர் ஆனாலும் காற்று மெல்லத்தான் இறங்கும்). நெடுஞ்சாலையில் சுகம், கரடுமுரடான பாதையில் எக்ஸ்பல்ஸை எட்டாது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450: 40 குதிரைத்திறன், 17 லிட்டர் டேங்க். தூரப் பயணத்துக்கு அருமை. ஆனால் எடை 196 கிலோ. ஈரமண்ணில் சாய்ந்தால் தனி ஆளாக நிமிர்த்துவது சிரமம்.

ஆண்டுக்கு ஓரிரு பயணத்துக்காக, தினமும் முப்பது கிலோ கூடுதலாகச் சுமக்க வேண்டாம். உங்களுக்கு 160–170 கிலோ வகைதான் பொருத்தம். வாரந்தோறும் மண்ணில் இறங்குவது உறுதி என்றால் எக்ஸ்பல்ஸ். அது எப்போதாவதுதான் என்றால் வி-ஸ்ட்ராம்.

உயரத்தை நினைத்துத் தயங்காதீர்கள். இந்த வகை வண்டிகளின் இருக்கை 825–835 மி.மீ. உயரம். இரண்டு காலும் முழுதாக ஊன்றாது. சற்றே ஒருபக்கம் நகர்ந்து உட்கார்ந்து, ஒரு பாதமாவது நன்றாக ஊன்றினால் போதும். ஷோரூமில் ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாமல், சரிவில் வண்டியைத் தள்ளித் திருப்பியும் பாருங்கள். தடுமாற்றம் அங்கேதான் தெரியும்.

வாங்கிய பிறகு, சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான டயரே போதும். மண்ணில் இறங்கும்போது காற்றைச் சிறிது குறைத்து, தார்ச்சாலை ஏறியதும் பழையபடி நிரப்புங்கள். டியூப் டயரில் மிகவும் குறைத்தால் டியூப் நசுங்கிக் கிழியும். புழுதியில் ஓட்டிய பின் செயினைத் துடைத்து எண்ணெயிடுங்கள்; ஏர் ஃபில்டரையும் (எஞ்சினுக்குள் தூசி போகாமல் தடுப்பது) பாருங்கள். ஒகேனக்கல் போலத் தொலைதூரம் போகும் நாளில் பையை இருக்கையை ஒட்டித் தாழ்வாகக் கட்டுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட், கையுறை, நல்ல ஷூ மூன்றுக்கும் வண்டிப் பணத்திலிருந்தே முன்கூட்டி ஒதுக்கிவிடுங்கள்.

முக்கியமான ஒன்று. மண் பாதை என்றால் வயல்வழியும் ஏரிக்கரையும்தான். சானமாவு, தேன்கனிக்கோட்டைக் காப்புக்காடுகளுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம், உயிருக்கும் ஆபத்து. ராகி அறுவடைக் காலத்தில் யானைக் கூட்டங்கள் சானமாவு வரை வந்து தங்கும். இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது சாலையில் யானையைக் கண்டால் ஹாரன் அடிக்காதீர்கள், முந்திச் செல்லவும் பார்க்காதீர்கள். தொலைவிலேயே நின்று வண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள். வீடு சேரத் தாமதமானால் சொல்லிக்கொள்ளலாம்.

எக்ஸ்பல்ஸ், வி-ஸ்ட்ராம் இரண்டையும் இந்த வாரமே ஓட்டிப் பாருங்கள். மாதத் தவணை, பெட்ரோல், சர்வீஸ் மூன்றும் சம்பளத்துக்குள் அடங்குகிறதா என்று வீட்டாரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அடங்கினால் தைரியமாக எடுங்கள்.