முதலில் ரசம்

கேள்வி: சமையலே தெரியாமல் தனியே வீடெடுத்துத் தங்குகிறவர் எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகர், கோவை

பதில்: ரசத்திலிருந்து! பருப்பு வேகவைப்பது, புளி கரைப்பது, தாளிப்பது மூன்றும் அதிலேயே பழகிவிடும். சாம்பார் பிறகு எளிதாக வரும்.

இருவருக்கு 2 மேசைக்கரண்டி துவரம்பருப்பு, நெல்லிக்காய் அளவு புளி, ஒரு தக்காளி போதும். பருப்பைத் தனியே குழைய வேகவைக்க வேண்டும். புளியோடு சேர்த்து வைத்தால் புளிப்பு அதைச் சீக்கிரம் வேகவிடாது. புதிதாகச் சமைப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். புளித்தண்ணீரில் தக்காளி, மஞ்சள்தூள், ரசப்பொடி, உப்பு போட்டுப் பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிட்டு, பருப்புத் தண்ணீரை ஊற்றலாம். மேலே நுரை கூடியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். தளதளவென்று கொதித்தால் வாசம் போய்விடும்.

தாளிப்பில் கடுகு வெடித்த பிறகே சீரகமும் பெருங்காயமும். வெடிக்காத கடுகு கசக்கும்.

அளவு சொல்லும் புத்தகம் வேண்டுமென்றால், எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' இன்றும் அருமையான துணை. புதுமணப் பெண்கள் பலருக்குச் சமையல் கற்றுக்கொடுத்த புத்தகம் அது. ஆண்களும் தயங்காமல் வாங்கலாம். ஒரே ரசத்தை ஒரு வாரம் வைத்துப் பழகிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவது நல்லது.