நெடும்பயணத்துக்கு உங்கள் மிதிவண்டி தயாரா?

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் ஈப்போவிலிருந்து லுமுட் வரை மிதிவண்டியில் செல்லத் திட்டமிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தூரம் சுமார் 80 கிலோமீட்டர். பெரியவர்கள் ஓட்டும் மிதிவண்டியின் சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். அப்படியானால், லுமுட்டை அடைவதற்குள் ஒவ்வொரு சக்கரமும் சுமார் 38,000 முறை சுழலும்.

இந்த எண்ணிக்கைதான் முக்கியம். மிதிவண்டியின் பாகங்கள் பெரும்பாலும் ஒரே அடியில் உடைவதில்லை. சிறிய சுமை ஆயிரக்கணக்கான முறை வந்து போவதால் தேய்கின்றன அல்லது முறிகின்றன. வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்லும் 2 கிலோமீட்டரில் தெரியாத குறை, நெடும்பயணத்தில் வெளிப்பட்டுவிடும். ஆகவே, புது வண்டி வாங்குவதைப் பற்றி யோசிக்கும் முன் இருக்கும் வண்டியைச் சோதித்துப் பாருங்கள்.

1. சங்கிலி

சங்கிலியில் ஓர் ஊசியின் மையத்திலிருந்து அடுத்த ஊசியின் மையம் வரை 12.7 மில்லிமீட்டர். எனவே 24 இடைவெளிகளின் நீளம் ஏறக்குறைய 305 மி.மீ. இருக்க வேண்டும். அளவு நாடாவால் அளந்து பாருங்கள். 306½ மி.மீட்டரை எட்டிவிட்டால் சங்கிலியை மாற்றுங்கள். 308 மி.மீ. ஆகிவிட்டால் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கக்கூடும்.

சங்கிலி "நீண்டுவிட்டது" என்கிறோம். உண்மையில் இரும்புத் தகடுகள் இழுபடுவதில்லை. மணலும் தூசியும் புகுந்து ஊசிகளைத் தேய்க்கின்றன. ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு தலைமுடியின் தடிமன் அளவு தேய்ந்தாலே போதும். 24 இணைப்புகளில் அது 1½ மி.மீட்டரைத் தாண்டும். சங்கிலியைக் காலத்தோடு மாற்றினால், அதைவிடச் செலவு பிடிக்கும் பல்சக்கரங்களைக் காப்பாற்றலாம்.

2. சக்கரக் கம்பிகள்

சக்கரம் சுழலும்போது ஒவ்வொரு கம்பியும் தரைப் பக்கம் வருகையில் அதன் இழுவிசை குறைகிறது. மேலே போனதும் மீண்டும் கூடுகிறது. 38,000 முறை இப்படி நடந்தால், தளர்ந்த கம்பி உலோகச் சோர்வினால் முறியலாம். வீணையின் தந்தியை மீட்டுவதுபோல் கம்பிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். ஒரே பக்கத்திலுள்ள கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிக்கும் கம்பி தளர்ந்திருக்கிறது என்று பொருள். அதைச் சைக்கிள் கடைக்காரரிடம் காட்டி முறுக்கச் சொல்லுங்கள்.

3. பிரேக்

நீங்களும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 80 கிலோகிராம் என்போம். 50 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது இழக்கப்படும் நிலையாற்றல் 80 × 10 × 50 = 40,000 ஜூல். வேகம் கூடாமல் இறங்க, இதில் பெரும் பகுதியைப் பிரேக்தான் வெப்பமாக மாற்ற வேண்டும். பிரேக் கட்டையிலுள்ள கோடுகள் மறைந்திருந்தாலோ, பிரேக் கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலோ உடனே மாற்றிவிடுங்கள். ரிம் மழையில் நனைந்தால் உராய்வு குறையும். ஆகவே மழையில் முன்கூட்டியே பிரேக்கைப் பிடிக்க வேண்டும்.

4. டயர்

காற்று குறைவாக இருந்தால், குழியில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் சாலைக்கும் இடையே நசுங்கி இரண்டு ஓட்டைகள் விழும். பார்ப்பதற்குப் பாம்பு கடித்ததுபோல் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் காற்றடையுங்கள். ஒரு மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், சிறிய பம்பு ஆகியவற்றைக் கட்டாயம் கொண்டு செல்லுங்கள்.

எதற்குச் செலவு செய்வது?

முதலில் தலைக்கவசம், பிரேக், டயர். அடுத்து சங்கிலி, கம்பிகள். புதுச் சாயமும் அலங்காரமும் கடைசியில். பிறகு, பயணத்திற்கு ஒரு வாரம் முன்னதாக, முழு மூட்டையுடன் 20 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். தளரும் திருகும் உரசும் பையும் வீட்டுக்கு அருகிலேயே தெரிந்துவிடும்.

செய்து பாருங்கள்

டயரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று உருட்டி, கடந்த தூரத்தை அளவு நாடாவால் அளவிடுங்கள். உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்ல உங்கள் சக்கரம் எத்தனை முறை சுழல்கிறது? ஓர் ஆண்டில் எத்தனை முறை?