அறுவைக்கு முன் ஆழம் அறிதல்

சிறுநீருடன் வலியின்றி இரத்தம் கலந்து வருவது சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். வலி இல்லாமையாலும், சில நாட்களில் தானே நின்றுவிடுவதாலும், இதனை உடற்சூடு என்று கருதி வாளாவிருப்போர் பலர். 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. இதற்குத் தலையாய காரணம் புகைபிடித்தலே. சாயத் தொழிலாளரிடையே இந்நோய் தோன்றுவதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் 1895இலேயே சுட்டிக்காட்டினார்.

நோயின் கடுமையைத் தீர்மானிப்பவை இரண்டு: புற்றணுக்களின் தன்மை, கட்டி ஊடுருவிய ஆழம். ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரிடம் கட்டி தசைச் சுவரைத் தொடாமல் உட்புறத்திலேயே நிற்கிறது. அதனைச் சுரண்டி அகற்றி, தேவையெனில் பி.சி.ஜி. மருந்தைப் பைக்குள் செலுத்தி, தொடர்ந்து கண்காணித்தால், பெரும்பாலும் சிறுநீர்ப்பையைக் காப்பாற்ற முடியும். தசையினுள் கட்டி புகுந்துவிட்டாலோ, பையையே அகற்றும் பெரிய அறுவை அல்லது கதிர்வீச்சு, அவற்றுடன் மருந்துச் சிகிச்சை ஆகியன வேண்டும். இங்கே தாமதம் உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

எனவே, ஆழத்தை முன்னரே அறிய வழி உண்டா என்பது முக்கியமான வினா. வழக்கமான முறையில், சிறுநீர் வழியே கருவியைச் செலுத்திக் கட்டியைச் சுரண்டி எடுத்து, அத்திசுவைச் சோதித்த பின்னரே ஆழம் தெரியவரும். எடுத்த திசுவில் தசைப் பகுதி இல்லையெனில், சில வாரங்களில் மீண்டும் சுரண்ட நேரிடும். சுரண்டிய இடத்தில் ஏற்படும் வீக்கம், பின்னர் எடுக்கும் படத்தையும் தெளிவற்றதாக்கிவிடும்.

இதற்கு மாற்றாக, அறுவைக்கு முன்னரே எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, 1 முதல் 5 வரை மதிப்பெண் வழங்கும் 'வை-ராட்ஸ்' என்னும் முறை 2018இல் வகுக்கப்பட்டது. 1, 2 எனில் தசை ஊடுருவல் இருக்க வாய்ப்புக் குறைவு. 3 எனில் ஐயத்துக்குரியது. 4, 5 எனில் ஊடுருவல் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பிரிட்டனில் 143 பேரிடம் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு இதன் பயனைக் காட்டுகிறது. தசையில் நோய் உறுதியானோர் உரிய சிகிச்சையை அடைய, வழக்கமான முறையில் இடைநிலை அளவாக 98 நாட்கள் ஆயின, ஐயத்துக்குரியோருக்கு எம்.ஆர்.ஐ.யை முதலில் வைத்த முறையில் 53 நாட்களே ஆயின. புதிய மருந்து ஏதுமின்றி, பணிகளின் வரிசையை மாற்றியதாலேயே மிஞ்சிய காலம் இது.

எனினும், படம் திசுச் சோதனைக்கு ஈடாகாது. அணுக்களின் தன்மையைத் திசுவே காட்டும்; தட்டையாகப் படரும் புற்று படத்தில் புலப்படாமலும் போகலாம்.

நம் நாட்டுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் மக்கள் ஆரோக்கியத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுதோறும் 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழங்குகிறது. ஆனால் வெளிநோயாளிச் சோதனைகள் பொதுவாக இதில் அடங்குவதில்லை. அறுவைக்குப் பணம் கிடைத்து, அதற்கு முந்திய படத்துக்குக் கிடைக்காவிடில், ஏழை நோயாளி படத்தைத் தவிர்ப்பதே இயல்பு. பின்னர் வீணாகும் நாட்களின் விலையை அவரே செலுத்துகிறார். தேவையானோருக்கு மட்டுமேனும் இச்சோதனையின் செலவை ஏற்பது சிக்கனத்துக்கு முரணானதன்று, சிக்கனமே அதுதான்.